குளிர்காலத்தில் மூடும் குளங்கள்: போட்டி நீச்சலில் பின்தங்கும் தலைநகரச் சிறார்கள்

தலைநகர் தில்லியில் ஏப்ரல் மாதத்தில் வெயில் ஏறத் தொடங்கியதும் திறந்தவெளி நீச்சல் குளங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். தில்லி வளர்ச்சி ஆணையத்தின் (டிடிஏ) விளையாட்டு வளாகங்களிலும், குளம் வைத்துள்ள தனியார் பள்ளிகளிலும் கோடைக்காலப் பயிற்சியில் பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் முண்டியடிப்பர். மே, ஜூன் மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் வெப்பத்திலிருந்து தப்பிக்கவே பெரும்பாலான பிள்ளைகள் தண்ணீரில் இறங்குகின்றனர். அவர்களில் ஒரு சிலர் பயிற்சியாளரின் கண்ணில் படுகின்றனர். தலையை நீருக்குள் வைத்து, இடுப்பு தாழாமல், கால்களைச் சீராக அடித்துச் செல்லும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் அவர்கள். கோடை முடியும் தறுவாயில், பிள்ளையைப் போட்டி நீச்சல் கிளப் ஒன்றில் சேர்த்துவிடுமாறு பெற்றோரிடம் பயிற்சியாளர் கூறுகிறார். அக்குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை மாறத் தொடங்குவது அந்த நாளில்தான்.

விளையாட்டு வீரராக்கும் எண்ணத்துடன் பிள்ளையைக் குளத்துக்கு அழைத்து வருவோர் குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021-இல் நடைபெற்றது) பங்கேற்ற ஆமதாபாத் வீராங்கனை மானா படேலைச் சிறுவயதில் நீச்சலில் சேர்த்தது, அவருக்கு நன்றாகப் பசி எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் 14 வயதில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் பிரிவில் நீந்திய பெங்களூரு மாணவி தினிதி தேசிங்கு, சிறு குழந்தையாக இருந்தபோது யாருடனும் பேசாமல் ஒதுங்கியிருந்தவர். நான்கு பேருடன் பழகட்டுமே என்றுதான் பெற்றோர் அவரை வீட்டருகே இருந்த குளத்துக்கு அழைத்துச் சென்றனர். தொடக்கத்தில் அவருக்குத் தண்ணீரே பிடிக்கவில்லை.

தேர்வு என்னும் முதல் படி: கோடைக்காலப் பயிற்சிக்கும் கிளப் உறுப்பினராவதற்கும் வேறுபாடு பெரிது. முதலாவதில் கட்டணம் செலுத்தினால் இடம் கிடைத்துவிடும். இரண்டாவதில் பிள்ளை தேர்வு செய்யப்பட வேண்டும். 25 அல்லது 50 மீட்டர் தொலைவை நீந்தச் செய்து நேரம் குறிப்பர். ஆனால், அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் அந்த வயதில் கடிகாரத்தைவிடப் பிள்ளை நீரில் கிடக்கும் விதத்தையே அதிகம் பார்க்கின்றனர். சுவரை உதைத்துப் புறப்படும்போது உடல் அம்பு போல நீள்கிறதா, மூச்சு வாங்கத் தலையைத் தூக்குகிறதா அல்லது பக்கவாட்டில் திருப்புகிறதா, சொன்னதைக் கேட்டு அடுத்த முறையே திருத்திக் கொள்கிறதா என்பவை அவர்களது கணக்குகள்.

தேர்வானதும் பயிற்சி அட்டவணை கைக்கு வருகிறது. தொடக்க நிலையில் வாரத்துக்கு நான்கைந்து நாள்கள். போட்டிக் குழுவுக்கு உயர்ந்ததும் காலை, மாலை என இரு வேளை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதை எட்டும்போது ஒரு வேளைக்கு நான்கு, ஐந்து கிலோமீட்டர் நீந்துவது இயல்பாகிவிடும். காலைப் பயிற்சி ஐந்து மணி அளவில் தொடங்குகிறது. தில்லியில் பெரும்பாலான தடங்களில் முதல் மெட்ரோ ரயில் புறப்படும் முன்பே பிள்ளை நீருக்குள் இருக்க வேண்டும் என்பதால், சொந்த வாகனம் இல்லாத குடும்பம் அந்த இடத்திலேயே திகைத்து நிற்கிறது. கட்டண விவரம் கேட்பதற்கு முன்பாக, காலை நாலரை மணிக்கு வண்டி ஓட்ட வீட்டில் ஆள் இருக்கிறதா என்று சில பயிற்சியாளர்கள் விசாரிப்பதில் காரணம் இல்லாமல் இல்லை.

செலவும் படிப்படியாக ஏறுகிறது. நீச்சல் கண்ணாடி, சிலிக்கான் தொப்பி, மிதவைப் பலகை ஆகியவற்றில் தொடங்கி, கைத் துடுப்பு, கால் துடுப்பு எனப் பட்டியல் நீளும். உடலோடு ஒட்டியிருக்கும் பந்தய உடை பல ஆயிரம் ரூபாய் விலையுள்ளது. சில போட்டிகளுக்குப் பிறகு அதன் இறுக்கம் தளர்ந்துவிடும். பாலியூரித்தேன் உடைகளுக்கு உலக சம்மேளனம் 2010-இல் தடை விதித்து, துணியாலான உடைகளை மட்டுமே அனுமதித்த பிறகும் இந்தச் செலவு குறைந்தபாடில்லை. வெளியூர்ப் போட்டிக்கான ரயில் கட்டணம், உடன் செல்லும் தாய் அல்லது தந்தையின் விடுப்பு ஆகியவை தனி.

அங்கீகாரம் யார் கையில்?: நன்றாக நீந்தத் தெரிந்தால் மட்டும் தேசியப் போட்டியில் இறங்கிவிட முடியாது. கிளப் மாவட்டச் சங்கத்திலோ மாநிலச் சங்கத்திலோ இணைந்திருக்க வேண்டும். மாநிலச் சங்கம் இந்திய நீச்சல் சம்மேளனத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார் விவரங்களுடன் சம்மேளனத்தில் பதிவு செய்த பிறகே பிள்ளையின் நேரம் அதிகாரப்பூர்வமாகக் கணக்கில் வரும். தேசிய ஜூனியர், சப்-ஜூனியர் போட்டிகளுக்கு மாநில அணியின் வாயிலாகவே செல்ல முடியும். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் பழைய சங்கத்திடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். மத்திய அரசுப் பணியில் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் மாறும் குடும்பங்கள் மிகுந்த தில்லியில் இது சிறு சிக்கல் அல்ல.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் விளையாட்டு, மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனத்தில் இடம்பெற்றுள்ளது. ஆயினும் நடைமுறையில் ஒரு பிள்ளை எந்தப் போட்டியில் நீந்தலாம் என்பதைத் தீர்மானிப்பவை சம்மேளனமும் அதன் மாநிலக் கிளைகளும்தான். இந்திய விளையாட்டுத் துறையில் ஒரே மாநிலத்தில் இரு சங்கங்கள் உரிமை கோரி நீதிமன்றம் செல்வது புதிதல்ல. அத்தகைய தருணங்களில் கிளப் தவறான தரப்பில் இருந்தால், அதில் பயிலும் பிள்ளையின் அந்த ஆண்டு வீணாகும். நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், இத்தகைய தகராறுகளுக்கெனத் தீர்ப்பாயம் ஒன்றை அமைக்க வகை செய்கிறது. மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு துறையில் தில்லியின் பிடி இதனால் எந்த அளவுக்கு இறுகும் என்பது தனியே விவாதிக்கப்பட வேண்டிய கேள்வி.

தண்ணீரின் கணக்கு: பயணம், செலவு, பதிவு ஆகிய மூன்றையும் கடந்த தில்லிக் குடும்பம் கடைசியில் முட்டி நிற்பது பருவநிலை என்ற சுவரில்.

ஐம்பது மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம் கொண்ட ஒரு குளத்தில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கும். அதை வடிகட்டி, குளோரின் கலந்து, நாள்தோறும் சுழற்சியில் வைத்திருப்பதே பெரும் வேலை. சர்வதேச விதிகளின்படி போட்டிக் குளத்து நீரின் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும். ஜனவரியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே செல்லும் தில்லியில், மூடிய கூரையும் நீரைச் சூடேற்றும் வசதியும் இல்லாமல் இது நடவாத காரியம். அவ்விரண்டும் உள்ள குளங்கள் மிகச் சில. எனவே, பெரும்பாலான குளங்கள் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ மூடப்பட்டு, மீண்டும் ஏப்ரலில்தான் திறக்கப்படுகின்றன.

நாளொன்றுக்கு மூன்று கிலோமீட்டர் வீதம் வாரத்தில் ஆறு நாள்கள் நீந்தும் ஒரு சிறுவன், ஆறு மாதம் குளம் மூடப்பட்டால் இழக்கும் தொலைவு 450 கிலோமீட்டருக்கும் மேல். ரயிலில் தில்லியிலிருந்து அமிருதசரஸ் வரை செல்லும் தொலைவு அது. பெங்களூரில் அதே வயதுச் சிறுவன் அத்தொலைவையும் நீந்தி முடித்திருப்பான். நீச்சலில் முன்னேற்றம் எவ்வளவு நுண்ணிய அளவில் நிகழ்கிறது என்பதை அறிந்தவர்களுக்கே இந்த இழப்பின் பொருள் விளங்கும். 2021 ஜூன் மாதம் ரோம் நகரில் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃபிளை பிரிவில் 1 நிமிஷம் 56.38 விநாடிகளில் நீந்தி, ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரரானார். தகுதி நேரத்தைவிட அவர் குறைத்தது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அதே நகரில் ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் பிரிவில் தகுதி நேரத்தைத் தாண்டியது 0.08 விநாடியில்.

தலைநகரில் குளிர்காலத்திலும் இயங்கக்கூடிய பெரிய குளம் என்றால், தால்கடோரா பூங்காவை ஒட்டிய டாக்டர் சியாமா பிரசாத் முகர்ஜி நீச்சல் வளாகம்தான் முதலில் நினைவுக்கு வரும். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டு, 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கூரையுடன் புதுப்பிக்கப்பட்டது இது. அந்தப் போட்டியில் மாற்றுத்திறனாளிகள் பிரிவில் பிரசாந்த கர்மாகர் வென்ற வெண்கலம், காமன்வெல்த் நீச்சலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கமாகும். இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) பொறுப்பிலுள்ள மைதானங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் திட்டம் 2011-இல் தொடங்கப்பட்டதும் உண்மை. ஆனால், கோடிக்கணக்கானோர் வாழும் ஒரு பெருநகரின் குளிர்காலத் தேவையை ஒரு சில கூரைகளின் கீழ் அடக்க இயலாது. துவாரகையிலோ நரேலாவிலோ வசிக்கும் பிள்ளைக்குத் தால்கடோரா என்பது ஏறத்தாழ வெளியூர்.

இந்தியாவின் பெரிய குளங்கள் பலவற்றுக்கும் இதே வரலாறுதான். புணேயின் பாலேவாடி 1994 தேசிய விளையாட்டுக்காகவும், சென்னை வேளச்சேரி 1995 தெற்காசிய விளையாட்டுக்காகவும், ஹைதராபாதின் கச்சிபௌலி 2002 தேசிய விளையாட்டுக்காகவும், ராஞ்சி நீச்சல் அரங்கம் 2011-இல் நடைபெற்ற தேசிய விளையாட்டுக்காகவும் எழுந்தவை. விருந்தினர் வருகிறார்கள் என்பதற்காகக் கட்டப்பட்ட குளங்கள் இவை. தினமும் காலையில் வரக்கூடிய பிள்ளை எத்தனை கிலோமீட்டர் தொலைவில் வசிக்கிறது என்பது எந்தத் திட்ட வரைபடத்திலும் இடம்பெற்றதாகத் தெரியவில்லை.

பெங்களூரு முந்தியது எப்படி?: சிட்னி ஒலிம்பிக்கில் (2000) நீந்திய நிஷா மில்லட், ஏதென்ஸில் (2004) நீந்திய ஷிகா டாண்டன், லண்டனில் (2012) நீந்திய ககன் உள்ளால்மத், பின்னர் ஸ்ரீஹரி நடராஜ், தினிதி தேசிங்கு என ஒலிம்பிக்கில் பங்கேற்ற இந்திய நீச்சல் வீரர்களின் பட்டியலில் பெங்களூரில் பயின்றவர்களே அதிகம். கடுங்குளிர் இல்லாத வானிலை அந்நகருக்குக் கிடைத்த வரம். ஆனால், வானிலை மட்டுமே காரணமென்றால் இந்தியாவின் கடற்கரை நகரங்கள் அனைத்தும் முன்னணியில் இருந்திருக்க வேண்டும். பசவனகுடி அக்வாடிக் சென்டர், டால்ஃபின் அக்வாடிக்ஸ் போன்ற கிளப்புகள் ஒன்றுக்கொன்று போட்டியாக வளர்ந்ததும், ஒரே பயிற்சியாளர் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நிலைத்ததும் அங்கே நிகழ்ந்தன. நிஹார் அமீன் (2015), எஸ்.பிரதீப் குமார் (2016) என நீச்சலுக்காக அடுத்தடுத்த ஆண்டுகளில் துரோணாச்சாரியார் விருது பெற்ற இருவரும் பெங்களூரில் பணியாற்றியவர்களே. ஒரு கிளப்பில் பயிலும் சிறுமிக்கு, பக்கத்துத் தடத்தில் ஒலிம்பிக் வீரர் நீந்துவதைப் பார்க்க வாய்க்கிறது.

பெங்களூரின் புகழைப் பேசும்போது விடுபட்டுப் போகும் ஓர் ஊரும் உண்டு. கேரளத்தைச் சேர்ந்த சஜன் பிரகாஷ் நீந்தக் கற்றது நெய்வேலியில். அவருடைய தாய் சாந்திமோள், இந்தியாவுக்காக ஓடிய தடகள வீராங்கனை. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் பணியாற்றியவர். அந்நகரியக் குளத்தில் தொடங்கிய மகன், பின்னர் பெங்களூரு சென்று பிரதீப் குமாரிடம் பயின்றார். பொதுத் துறை நிறுவனம் தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக ஒரு குளத்தைப் பராமரித்ததே அந்தப் பயணத்தின் முதல் கட்டம். பங்கு விலக்கல் பற்றிய விவாதங்களில் நகரியக் குளங்களின் மதிப்பை யாரும் கணக்கிடுவதில்லை.

கொல்கத்தாவின் வழி வேறு. அங்கு காலேஜ் ஸ்கொயர், ஹேதுவா ஆகிய பொதுக் குளங்களின் கரைகளிலேயே நீச்சல் சங்கங்கள் முளைத்தன. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 11 வயதில் நீந்திய ஆரதி சாஹா, ஹாட்கோலா கிளப்பில் வளர்ந்தவர். 1959-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்ணும் அவரே. அவருக்கு வழிகாட்டிய சச்சின் நாக், 1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் வென்றவர். அதன் பின் இன்றுவரை ஆசிய விளையாட்டு நீச்சலில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. தில்லியின் முனிர்கா கிராமத்தில் இருந்து வந்த கஜான் சிங் 1986 சியோல் போட்டியில் வென்ற வெள்ளியே அதற்கடுத்த சிறந்த சாதனை.

குளம் இருந்தும் கதவு மூடினால் என்னவாகும் என்பதைக் கரோனா காலம் காட்டியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட குளங்கள், வீரர்களின் பயிற்சிக்காக மட்டும் அவ்வாண்டு அக்டோபர் 15-க்குப் பிறகே அனுமதிக்கப்பட்டன. முன்னணி வீரர்கள் சிலர் துபைக்கு அனுப்பப்பட்டனர். நடிகர் ஆர்.மாதவன், மும்பையில் பெரிய குளங்களைப் பயன்படுத்த முடியாததால் மகன் வேதாந்தின் பயிற்சிக்காகக் குடும்பத்துடன் துபைக்கே குடிபெயர்ந்தார். வேதாந்த் 2022 ஏப்ரலில் கோபன்ஹேகனில் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்றார். மாதவன் தம் மகனுக்காகச் செய்ததில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் துபை செல்ல வழியில்லாத பிள்ளைகள் வீட்டுக்குள் முடங்கியிருந்தனர் என்பதையும் சேர்த்தே அந்த வெற்றியைப் பார்க்க வேண்டியுள்ளது.

விலகும் வயது: கிளப்பில் சேர்ந்த பிள்ளைகளில் பலர் பதின்மூன்று, பதினான்கு வயதில் விலகுகின்றனர். பெண் பிள்ளைகள் விலகுவதற்குக் கூடுதல் காரணங்கள் உள்ளன. வெயிலில் தோல் கறுத்துவிடும், குளோரினால் முடி கொட்டும் என்ற உறவினர்களின் பேச்சும், நீச்சல் உடை குறித்த தயக்கமும், மாதவிடாய் நாள்களில் பயிற்சியை எப்படி அமைப்பது என்று பேச ஒரு பெண் பயிற்சியாளர்கூட இல்லாத நிலையும் அவற்றில் சில. பாதுகாப்பு பற்றிய அச்சம் இவை அனைத்தையும்விடப் பெரியது. 2019 செப்டம்பரில் கோவாவில் ஒரு பயிற்சியாளர் மீது, தம்மிடம் பயின்ற சிறுமியைப் பாலியல் தொல்லைக்கு உள்ளாக்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் கைது செய்யப்பட்டார். சம்மேளனமும் அவருக்குத் தடை விதித்தது. பயிற்சியாளர் பட்டம் பெற்றவரா என்று கேட்கும் பெற்றோர், உடை மாற்றும் அறைக்குப் பொறுப்பாளர் யார், வெளியூர்ப் போட்டிக்குப் பெண் காப்பாளர் உடன் செல்கிறாரா, புகார் அளிக்க வேண்டுமெனில் யாரிடம் அளிப்பது என்றும் கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகே. 2025-ஆம் ஆண்டின் சட்டம், பெண்கள் மற்றும் சிறார்களுக்கான பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கையை வகுக்கச் சொல்கிறது. அது தில்லிக் கோப்புகளிலிருந்து கிளப் வாசலின் அறிவிப்புப் பலகைக்கு வந்து சேர எத்தனை காலமாகும் எனக் கூறுவார் இல்லை.

பத்தாம் வகுப்பு மற்றொரு வாசல். பொதுத் தேர்வு ஆண்டில் இரு வேளைப் பயிற்சி ஒரு வேளையாகி, பின்னர் ஞாயிற்றுக்கிழமையாகச் சுருங்குகிறது. கல்லூரிகளின் விளையாட்டு ஒதுக்கீடு, ரயில்வே, காவல் துறை வேலைவாய்ப்பு ஆகியவற்றை எதிர்பார்த்துத் தொடர்வோரும் உண்டு. அதற்குத் தேசியப் போட்டிச் சான்றிதழ் வேண்டும் என்பதால் மாநிலத் தேர்விலேயே பதற்றம் கூடுகிறது. வயதைக் குறைத்துக் காட்டும் மோசடி தலைதூக்குவதும் இங்குதான். அதைத் தடுக்க மத்திய அரசு 2010-இல் நெறிமுறை வகுத்த பின்னரும் பெற்றோரின் புகார்கள் ஓயவில்லை. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரர்களுக்குக் கைச்செலவுக்கென மாதம் ரூ.10 ஆயிரம் வழங்கப்படுகிறது. நல்ல உதவிதான், ஆனால், ஏற்கெனவே நேரம் காட்டி முடித்தவர்களுக்கே அது கிடைக்கும். முதல் மூன்று, நான்கு ஆண்டுகளைத் தாங்குவது குடும்பத்தின் பையே.

நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் நீரில் மூழ்கி 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் தெரிவிக்கிறது. பதக்கம் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கும் குளம் தேவை என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும். அரசுப் பள்ளி மாணவர்கள் நீந்தக் கற்கும் குளங்கள் பெருகினால், அவற்றிலிருந்து கிளப்புக்கு வருவோரும் பெருகுவர். இப்போதோ, குளம் உள்ள பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடமிருந்தே போட்டி வீரர்களைத் தேட வேண்டியுள்ளது.

அக்டோபர் பிறந்ததும் தில்லியின் திறந்தவெளிக் குளங்களில் தடம் பிரிக்கும் கயிறுகள் சுருட்டி வைக்கப்படுகின்றன. கோடையில் தேர்வான பிள்ளைகளில் சிலருக்குத் தால்கடோரா போன்ற இடங்களில் வாய்ப்புக் கிடைக்கும். வசதி உள்ள சிலர் பெங்களூரில் உறவினர் வீட்டையோ விடுதியையோ நாடுவர். மற்றவர்களுக்குப் பயிற்சியாளர்கள் தரைப் பயிற்சி அட்டவணையைக் கொடுத்து அனுப்புகின்றனர்: கயிறு தாண்டுதல், மாடிப்படி ஏறுதல், ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்தல். ஏப்ரலில் குளம் திறக்கும்போது அவர்களில் பலர் அடுத்த வயதுக் குழுவுக்கு மாறியிருப்பர். அவர்களது பதிவேட்டில் இருப்பதோ, கடந்த செப்டம்பரில் எடுத்த நேரம்.